பச்சை மாப்பிள்ளை

1986இல் புளியங்கூடலில் கலியாணப் பேச்சென்றால் சாதகக் குறிப்பு மட்டும் போதாது. கனடாவிலிருந்து மாப்பிள்ளையின் வீடியோக் கசெற் வரவேண்டும். கசெற் வந்தால் சுருவிலிலிருந்து வைத்திலிங்கச் சாத்திரியார் வரவேண்டும். அவர் வந்தால் ஊரே வந்துவிடும். ரீவியில் தெரியும் முகத்தின் நிறத்தைப் பார்த்துத் தோசம் சொல்கிற ஒரே ஞானி அவர்தானாம். நவக்கிரகங்களுக்கும் சிங்கப்பூர் ரீவிக்கும் என்ன உறவென்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டுக்கொண்டு நின்றால் முன்வரிசையில் இடம் போய்விடுமே!

அன்று குலசிங்கத்தார் வீட்டில் கால் வைக்க இடமில்லை. அவருடைய மகள் சத்தியபாமாவுக்கு இருபத்தொன்பது வயது. போன வருடம் கசெற்றில் வந்த மாப்பிள்ளையை இதே சாத்திரியார் "முகம் சிவப்பு, செவ்வாய்" என்று தள்ளிவிட்டார். இப்போது வந்திருப்பவர் அனலைதீவுக்காரர், ரொறன்ரோவில் வேலை. நாலு கடிதம் எழுதியிருந்தார். நாலும் அவளுடைய தலையணைக்கடியில் இருந்தன.

சாத்திரியார் ரீவியைச் சிவப்புப் பட்டால் போர்த்தார். திரை மட்டும் தெரிந்தது. பட்டுக்குள்ளே கையை விட்டு மந்திரம் முணுமுணுத்தார். கசெற் ஓடியது; திரையில் மாப்பிள்ளை வந்தார். பாசிபிடித்த கிணற்றிலிருந்து ஏறி வந்தவர் மாதிரி முழுப் பச்சை. அவர் காலடியில் கிடந்த பனியும் பச்சை.

"கனடாவில பனி பச்சையோ?" என்றாள் அயல்வீட்டு அன்னபூரணம்.

"ஓம், அது குளிர் நாடெல்லோ" என்றார் முன்வரிசையில் இருந்த தம்பு. பனியைக் கண்டவர்தானே அங்கே எவருமில்லை!

"புதன் பிடிச்சிருக்கு" என்றார் சாத்திரியார். "தாலி கட்டி மூண்டு மாதம் தாங்காது. சாந்தி செய்தால் நிறம் திரும்பும். பிள்ளையின்ர காப்பு ரெண்டையும் தட்டில வையுங்கோ."

தாய் யோகம்மா அழுதபடியே மகளின் ஒரு காப்பைக் கழற்றித் தட்டில் வைத்தாள். அதற்குள் திரையில் மாப்பிள்ளை சாப்பிட உட்கார்ந்துவிட்டார். அவர் சாப்பாட்டுக் கோப்பையில் சோறு. அதுவும் பச்சை.

சத்தியபாமா மற்றக் கையை இழுத்துக்கொண்டாள்.

"நில்லுங்கோ அம்மா. சோத்தையும் புதன் பிடிச்சிட்டாரோ?"

குசினிக்குள் போனாள். வந்தவர்களுக்காக வடித்த வெள்ளைச் சோற்றில் ஒரு கோப்பை கொண்டுவந்து திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

"சாத்திரியார், ரெண்டு கையையும் மேல தூக்கிக்கொண்டு மந்திரத்தைச் சொல்லுங்கோ, சோறு வெளுக்குதோ பாப்பம்."

"அப்பிடிச் சொல்ல ஏலாது பிள்ளை."

"புதன் கேக்கிறது மந்திரத்தையோ, கையையோ?"

சனம் சிரித்தது. சாத்திரியாரின் கைகள் வேண்டா வெறுப்பாக மேலே போயின. மூன்று தரம் மந்திரம் சொன்னார். திரையில் சோறு பச்சையாகவே கிடந்தது.

சத்தியபாமா பட்டை உருவி எறிந்தாள். திரைக்குக் கீழே ஒரு சின்ன மூடி திறந்து கிடந்தது. உள்ளே நாலு குமிழ்கள். ஒன்று கடைசிவரை திருகப்பட்டிருந்தது. கோப்பைச் சோறும் திரைச் சோறும் ஒரே நிறமாகும்வரை அதைத் திருப்பினாள். பனி வெளுத்தது. மாப்பிள்ளை நல்ல தீவுக் கறுப்பு நிறத்தில் அவளைப் பார்த்துச் சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்தது.

பிறகு குமிழை மற்றப் பக்கம் திருகினாள். முகம் சிவந்தது.

"இதுதான் போன வருசத்துச் செவ்வாய்" என்றாள். அப்போது அவள் குரலில் சிரிப்பில்லை.

குலசிங்கத்தார் தட்டிலிருந்த காப்பை எடுத்து மகளின் கையில் போட்டார். சாத்திரியார் பட்டை மடித்துக்கொண்டு வாசற் படலையைத் தேடினார். தம்பு அவருக்குப் பின்னால் ஓடினார்.

"சாத்திரியார், அப்ப பனி உண்மையில என்ன நிறம்?"

தம்புவைத் திருத்த எந்த ரீவியிலும் குமிழில்லை. நீங்களாவது, உங்கள் வீட்டு மாப்பிள்ளை பச்சையென்று யாராவது சொன்னால், காப்பைக் கழற்றமுன் அவர் கோப்பையை ஒருதரம் பாருங்கள். சோறு என்ன நிறமென்று சொல்லச் சாத்திரியார் தேவையில்லை.