தாத்தா துப்பாக்கியை வெடிக்கலாமா என்று கேட்ட மைத்துனருக்கு

சலாலா,
14.11.2006

மதிப்பிற்குரிய மைத்துனர் அழகுமலை அவர்களுக்கு, ராக்கப்பன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் அக்காள் ராக்கம்மா, மகள் விஜி, மருமகன் அன்பரசன் நால்வரும் நலம். எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குத்தான் நலமில்லை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

நாங்கள் கிளம்பிய அன்று சிவகங்கை பஸ் ஸ்டாண்டில் கேட்டீர்களே: "மச்சான், சுடாத துப்பாக்கியும் ஊதாத நாயனமும் ஒண்ணுதானே? தையில எம் மக அருணா கல்யாணத்துக்குத் தாத்தா துப்பாக்கிய வெடிச்சிரவா?" யோசித்து எழுதுகிறேன் என்றேன். முப்பத்து மூன்று வருடம் இயற்பியல் நடத்தியவன். எந்தக் கேள்வியிலும் எதிர்க்கட்சியின் நியாயத்தை முதலில் சொல்லி, பிறகுதான் என் விடைக்கு வருவேன். அந்தப் பழக்கமே இங்கே வினையாகிவிட்டது.

அன்பரசனுக்கு விசா கொடுத்திருக்கும் கபீல், ஈசா என்ற பெரியவர். நாங்கள் குடியிருப்பது அவர் தோட்டத்து வீட்டில். அவர் வரவேற்பறைச் சுவரில் பழைய துப்பாக்கிகள் பதினொன்று தொங்குகின்றன. போன வெள்ளிக்கிழமை விருந்துக்கு அழைத்தவர், வெள்ளிப் பூண் போட்ட ஒன்றைக் கழற்றி என் மடியில் கிடத்தினார். அவருடைய பூட்டனார் சுட்டது. நெருப்புத் திரி வைத்துச் சுடுவது. பேரன் கல்யாணத்துக்கு இதைச் சுடலாமா, சுவரிலேயே விடலாமா, வாத்தியார்தான் சொல்ல வேண்டும் என்றார். நீங்கள் கேட்ட அதே கேள்வி! சந்தோஷத்தில் நான் வழக்கம்போல எதிர்க்கட்சியிலிருந்து ஆரம்பித்தேன். சமைக்காத வெண்கலப் பானை களிம்பேறும், ஓட்டாத சைக்கிள் துருப்பிடிக்கும், மணியடிக்காத கோயிலில் வௌவால் குடியேறும் என்று சொல்லச் சொல்ல, அன்பரசன் அரபியில் சொன்னார். பெரியவர் முகம் மலர்ந்தது. "ஆனால்" என்று நான் வாயெடுக்குமுன் ஐந்தாவது தடவையாகக் காப்பி ஊற்ற வந்துவிட்டார்கள். போதும் என்றால் அந்தக் குட்டிக் குவளையை லேசாக ஆட்டிக் கொடுக்க வேண்டும் என்று விஜி சொல்லிக் கொடுத்திருந்தாள். ஆட்டினேன். நான் பேச்சையே முடித்துவிட்டதாக எண்ணி ஈசா எழுந்துவிட்டார். "ஹலாஸ்! யல்லா, உஸ்தாத்!"

"என்ன மாப்பிள்ளை சொல்றாரு?"

"'முடிஞ்சது, வாங்க வாத்தியாரே'ங்கிறாரு. நீங்க தீர்ப்பு சொல்லிட்டீகளாம். மொத வேட்டும் நீங்கதான் போடணுமாம்."

"பாதிதானே சொன்னேன்? மீதி இருக்குன்னு சொல்லுங்க."

"குவளைய ஆட்டிப்புட்டு மீதி என்ன மாமா மீதி? இப்ப மாட்டேன்னா மூஞ்சில அடிச்ச மாதிரி ஆயிரும். அடுத்த மாசம் என் விசா முடியுது, பாத்துக்கங்க."

உள்ளேயிருந்து உங்கள் அக்காள் குரல்: "இவுகளா? ஊசிவெடிக்கே கதவச் சாத்திக்கிருவாக!"

நூற்றைம்பது வருட இரும்பு வெளியே மினுங்கும், உள்ளே சொத்தைப் பல் மாதிரி விரிசல் விட்டிருக்கும். ஆகவே துப்பாக்கியைத் தோட்டத்தில் ஒரு லாரி டயரில் கட்டி, விசையில் நீளக் கயிறு கட்டி, சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு இழுப்போம் என்றேன். ஈசாவே குண்டில்லாமல் வெறும் மருந்தைப் போட்டுக் கம்பியால் கெட்டித்து, திரியையும் பற்றவைத்தார். இழுத்தேன். டயர் துள்ளியது, குழல் பிழைத்தது. ஆனால் கெட்டித்த கம்பியை அவர் உள்ளேயே விட்டுவிட்டார். லேபில் பையன்களிடம் "எல்லாம் சரிபார்த்தாயா" என்று கத்தியே தொண்டை போன நானும் பார்க்கவில்லை. அது அம்பாகப் பறந்து எங்கள் மாடித் தொட்டியைத் துளைக்க, வேடிக்கை பார்க்க அதன்கீழ் வந்து நின்ற உங்கள் அக்காள் தலையில் அருவி கொட்டியது.

"சுட்டது அவுக, நனையிறது நானா?"

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் ஈசாவைப் பார்த்தோம். அன்பரசன் பெட்டி கட்டுவதற்கே தயாராகிவிட்டார். ஈசா வளைந்த கம்பியை எடுத்துத் தடவினார். தொட்டி கடையில் கிடைக்கும், என் பூட்டனார் கைபட்டுத் தேய்ந்த கம்பி எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டார். கண் கலங்கியிருந்தது. அப்போதுதான், கையில் குவளை இல்லாமல், என் மீதிப் பாதியைச் சொன்னேன். துப்பாக்கி வெடித்துச் சிதறினால்தான் நஷ்டம் என்றில்லை. ஒரு கம்பி, ஒரு திருகு, ஒரு பூண் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். புதிதாக மாற்றிப் போட்டால் சுடும்தான், ஆனால் அது பூட்டனாருடையது ஆகாது. சத்தம் வேண்டுமானால் புதிதாகச் செய்ததைச் சுடட்டும். ஈசா துப்பாக்கியைச் சுவரிலேயே மாட்டினார். விசாத் தாளில் கையெழுத்தும் போட்டார்.

ஆகவே என் விடை: சுடாதீர்கள். அதிர்வேட்டு போதும். தாத்தா துப்பாக்கிக்கு மாலை போட்டுப் பந்தலில் வையுங்கள். அருணா பேரும் புகழுமாக வாழ எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
ராக்கப்பன்

பி.கு.: உறையை ஒட்டுமுன் ஈசா வந்தார். நாற்பது கஜத்தில் தொட்டியின் நட்டநடுவே அடித்த உஸ்தாதைப் பார்க்க அவர் நண்பர்கள் நாளைக் காலை இரண்டு பழைய துப்பாக்கிகளோடு வருகிறார்களாம். சரி என்றுவிட்டேன். என்ன ஒரு சத்தம், மைத்துனரே! மேலே எழுதியது அத்தனையும் நியாயம்தான். ஆனாலும் கல்யாணத்தில் முதல் வேட்டு எனக்கு. நான் வரும்வரை யாரும் விசையைத் தொடக் கூடாது. அதுவரை இதை மட்டும் செய்யுங்கள்: முகத்தைக் குழல்வாய்க்கு நேரே காட்டாமல், நேரான மூங்கில் குச்சியை உள்ளே மெதுவாக விட்டு, வாயோரத்தில் குச்சிமேல் சாக்பீஸால் கோடு போட்டு, வெளியே எடுத்து, அந்தக் கோடு வாயோரத்தில் நிற்கும்படி குழலின்மேல் வைத்து அளந்து பாருங்கள். குச்சி, குழலின் அடியில் நெருப்புப் பிடிக்கும் மருந்துத் துளைவரை எட்டவில்லை என்றால், தாத்தா போட்ட மருந்து இன்னும் உள்ளேதான் இருக்கிறது.