ஸ்காட்லாந்து டீச்சருக்குப் போட்ட மாலை

விருந்தாளிக்கு மாலை போடாமல் விட்டால் நம் ஊர்க்காரனுக்குச் சோறு இறங்காது. ஆள் நேரில் வந்தால் கழுத்தில் போடுவோம். ஆள் டி.வி.யில் வந்தால் எங்கே போடுவது என்று அதுவரை யாரும் யோசித்ததில்லை. யோசித்தவன் நான் ஒருவன்தான். (அதுதான் வினை.)

அப்போதுதான் கல்வராயன் மலை அடிவாரத்தில் ஓர் அரசுப் பள்ளியில் ஆங்கில ஆசிரியராகச் சேர்ந்திருந்தேன். ஸ்காட்லாந்துப் பள்ளி ஒன்று, நம் பகுதிப் பள்ளி ஒன்றோடு கூட்டுச் சேர்ந்து, இரு நாட்டுப் பிள்ளைகளும் வருடம் முழுக்கப் பேசிப் பழக ஏற்பாடு செய்ய விரும்பியது. முதல் வீடியோ சந்திப்பில் பிடித்துப்போனால் எங்களோடு, இல்லாவிட்டால் வேறு பள்ளியோடு. மலையிலிருந்து இறங்கி வரும் எங்கள் பிள்ளைகள் "ஹலோ, மை நேம் இஸ்" என்று மாட்டிடம்கூடச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார்கள்.

"புள்ளைங்க ரொம்ப ஆசையா இருக்குதுங்க சார். சொதப்பிடாதீங்க" என்றார் எங்கள் தலைமை ஆசிரியை.

"கவலையே படாதீங்க மேடம். அசத்திடலாம்."

அசத்தினேன். வடக்கனந்தலில் ரோஜா மாலை வாங்கி வந்தேன். டி.வி.க்கு முன்னால் குத்துவிளக்கு, ஊதுவத்தி. அந்த ஊர்த் தலைமை ஆசிரியை திரையில் தோன்றி "வணக்கம்" என்றதும், கைதட்டலுக்கு நடுவே மாலையை டி.வி.க்கே போட்டு, மேல் சட்டத்தில் சந்தனம் குங்குமமும் வைத்தேன்.

அந்த நேரம் பார்த்து நெட் போனது. அந்த அம்மா கண்ணை மூடிச் சிரித்தபடியே உறைந்துபோனார். கண்ணாடிக்குள் முகம், சுற்றி மாலை, எதிரே விளக்கு, புகை.

டீ கொண்டுவந்த சத்துணவு சமையலர் செல்வியக்கா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அய்யய்யோ! இன்னா சார் ஆச்சு? இன்னிக்கிப் பேசப் போறாங்கன்னு சொன்னீங்களே!"

"யக்கா, அவங்க நல்லாத்தான் இருக்காங்க. நெட்டுதான் போச்சு."

யார் காதில் வாங்கினார்கள்? டீத் தூக்கைக் கீழே வைத்துவிட்டு, "மவராசி, எங்க புள்ளைங்களப் பாக்காமயே போயிட்டியே!" என்று மாரில் அடித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டார். (நல்ல மனசு. குரலும் நல்ல குரல்.) பிள்ளைகளில் பாதி சிரித்தது, மீதி அழுதது. சரியாக அப்போது நெட் வந்தது.

"அந்தப் பெண்மணி ஏன் அழுகிறார்?" என்று பதறிப்போய் ஆங்கிலத்தில் கேட்டார் ஸ்காட்லாந்து அம்மா.

"எங்கள் வழக்கம். ரொம்ப மதிக்கிறவர்களின் படத்துக்கு மாலை போட்டு, விளக்கேற்றி, அழுவோம்" என்றேன். முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது.

அந்த அம்மா கண்கலங்கிவிட்டார். எங்கள் பள்ளிதான் என்று அங்கேயே முடிவு சொன்னார்.

அடுத்த சந்திப்பில், "உங்களிடம் கற்றதைச் செய்திருக்கிறோம்" என்று காமிராவைத் திருப்பினார். எங்கள் மேடத்தின் பெரிய படம், அதற்குக் காகிதப் பூ மாலை, எதிரே மெழுகுவத்தி. வரிசையாக நின்ற ஸ்காட்லாந்துப் பிள்ளைகள் எவ்வளவு முக்கியும் அழுகை வராமல் தவித்துக்கொண்டிருந்தார்கள்.

மேடம் தன் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ரொம்ப நல்லா இருப்பீங்க சார்" என்றார். எங்கள் பிள்ளைகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அதைப் பார்த்து அந்தப் பிள்ளைகளும் சிரித்துவிட, அன்று பேச ஆரம்பித்தவர்கள் வருடம் முழுக்க ஓயவில்லை.

மேடம் ஓய்வுபெற்றுக் கள்ளக்குறிச்சியில் சௌக்கியமாக இருக்கிறார். எப்போது போனாலும் அவர் மகன் என்னைக் கண்டதும் உள்ளே இருக்கும் அம்மாவுக்கும் கேட்கிற மாதிரி சொல்வான்:

"வாங்க சார். அம்மாவுக்கு மாலை போட்டு எத்தினி வருசமாச்சு! இன்னும் என்னத் திட்டிக்கினுதான் இருக்காங்க."