இரண்டாவது நாற்காலி

மனிதர்களைப் பார்த்தால் முகம் தெரியாது, எண்ணிக்கை மட்டும்தான் தெரியும் என்றொரு ரகம் உண்டு. நான் அவர்களைத் 'தலை எண்ணிகள்' என்பேன். எங்கள் தெரு ஜெராக்ஸ் கடைக்காரர் அதில் முதல் தரம்.

எங்கள் நாட்டில் லட்சம் பேருக்கு ஒரு நாடாளுமன்ற உறுப்பினர். ஜனம் பெருகினால் சபையில் நாற்காலி கூடும், சுருங்கினால் குறையும். எங்கள் ஊருக்கு இரண்டு. வரப்போகும் கணக்கெடுப்பில் இரண்டு லட்சத்துக்கு முந்நூறு பேர் குறையும், ஒரு நாற்காலி போய்விடும் என்று பேப்பரில் படித்தார் மனிதர். அவ்வளவுதான்! கல்யாணத்துக்காகச் சான்றிதழ் நகலெடுக்க வந்தவனிடம் "பொண்ணு இங்க வருதா, இல்ல நீ அங்க போறியா?" என்று விசாரித்தார், வீடு காலி செய்கிறவர்களிடம் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினார், எதிர்வீட்டுக் கர்ப்பிணியிடம் "டாக்டர் எந்தத் தேதி சொல்லியிருக்காரும்மா? கணக்கெடுப்புக்கு முன்னாலதானே?" என்று கேட்டு, அவள் மாமியாரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். துக்க வீட்டுக்குப் போய், "இன்னும் ரெண்டு வாரம் இருந்திருக்கலாம்" என்று பெருமூச்சு விட்டார். எல்லோரும் பாசம் என்று நினைத்தார்கள். பாசமா அது?

கணக்கெடுப்புக்கு முதல் நாள், பக்கத்து ஊரிலிருக்கும் மகள் குடும்பத்தை அள்ளிக்கொண்டு வர பஸ் ஏறினார். நாலு தலை ஆயிற்றே! போனால், பேத்திக்குக் காய்ச்சல். தாத்தா சட்டையைப் பிடித்தவள் விடவே இல்லை. மறுநாள் காலையிலும் அவர் மடியில்தான் கிடந்தாள்.

கணக்கெடுக்கும் பெண் வந்து நின்றாள். "உங்க பேரு ஐயா?"

"என்னை எழுதாதீங்கம்மா. நான் இந்த ஊரு இல்ல."

"இன்னைக்கு யார் எங்க இருக்காங்களோ, அங்கதான் ஐயா எழுதணும்."

"இப்பவே கிளம்பிடறேன்!" என்று எழப்போனார். குழந்தை சிணுங்கியது.

"போறீங்களாப்பா?" என்றாள் மகள்.

வாசலைப் பார்த்தார். குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். கொதித்தது.

"எழுதிக்கோங்கம்மா."

எங்கள் ஊருக்கு ஒரு நாற்காலி போயிற்று; பக்கத்து ஊருக்கு ஒன்று கூடிற்று. மனிதர் இடிந்துபோயிருப்பார் என்றா நினைக்கிறீர்கள்? "அங்க கூடின நாற்காலியில நம்ம தலையும் ஒண்ணு இருக்கு சார்!" என்று கடைக்கு வருகிறவர்களிடம் மார்தட்டிக்கொண்டிருக்கிறார்.

சிரிக்காதீர்கள். அடுத்த வீட்டில் குழந்தை பிறந்தது என்றதும், தாயும் பிள்ளையும் சுகமா என்று கேட்டீர்களா, அல்லது 'நம்ம ஆளுங்க' கணக்கில் ஒன்று கூடியதா என்று மனசுக்குள் பார்த்தீர்களா? பதிலை என்னிடம் சொல்ல வேண்டாம். உங்களையும் அந்த ரகத்தில் எழுதிக்கொண்டாயிற்று.