பனிச்சஞ்சேனையில் வீதம் ஏறவில்லை

“ஸேர், இந்த மாசமும் உங்கட ஊர்ட வீதம் ஏறல்ல.”

நல்லரத்தினம் முழங்காலளவு வாவித் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். மேசையில் வைத்துப் பேசவேண்டிய கம்பியில்லாத் தொலைபேசியைக் கைக்குழந்தையைப் போல இடுப்பில் அணைத்திருந்தார். பனிச்சஞ்சேனையில் வேறெங்கே கொண்டுபோனாலும் அது வாய் திறக்காது.

“ஏறும் பிள்ள. கரண்ட் மட்டும் வந்திட்டுதெண்டா...”

“கரண்ட் எங்கட பகுதி இல்ல ஸேர். நாங்க தகவல் சமூகம் மட்டும்தான்.”

கொழும்புத் திட்ட அலுவலகத்திலிருந்து பேசியவள் பரீனா. முகம் பார்த்ததில்லை. குரலை வைத்து இருபத்தைந்து வயதிருக்கும் என்று நினைத்திருந்தார். கெட்ட பிள்ளையில்லை. அவளுக்கு மேலே யாரோ அவளைக் கேட்டார்கள், அவள் இவரைக் கேட்டாள், அவ்வளவுதான்.

“ஊரில இருக்கிற ஆக்கள்ல எத்தின பேருக்குக் கம்ப்யூட்டர்ல ஒரு வேலையாவது தானாச் செய்யத் தெரியும்? அதுதான் வீதம். ஏறாட்டி மெஷின் எல்லாத்தையும் வேற மாவட்டத்துக்குக் குடுத்திருவாங்க ஸேர்.”

நாடு முழுவதும் தகவல் சமூகமாக மாறப்போகிறது என்று இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டின் தொடக்கத்தில் கொழும்பிலிருந்து சிலர் வந்து சொன்னார்கள். குருக்கள்மடத்துக்கு நேரே வாவிக்கு அக்கரையில் கிடந்த அந்தச் சிற்றூருக்கு, மூன்று கணினிகளைப் ‘பாதை’ என்று ஊரார் சொல்லும் மிதவையில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். மோட்டார் சைக்கிள், மாடு, நெல்மூட்டை எல்லாம் ஏறுகிற அந்த மிதவையில் கணினிகளும் ஆடி ஆடி வந்தன. கூட்டுறவுச் சங்கக்கடைக் கட்டடத்தில் அவற்றை வைத்து, நாடா வெட்டி, படம் எடுத்துக்கொண்டு, கடைசிப் பாதைக்கு முன்னமே கரையேறிப் போய்விட்டார்கள். மின்சாரம் இல்லாத ஊர் என்பதை யாரோ போகிற அவசரத்தில்தான் கவனித்தார்கள். பிறகு ஒரு ஜெனறேற்றர் வந்தது.

சங்கக்கடையில் தட்டெழுத்தாளராக இருந்த நல்லரத்தினத்தையே நிலையத்துக்கும் வைத்துவிட்டார்கள். மற்றவர்களுக்கு அது வேடிக்கை. அவருக்கு அப்படியில்லை. அன்னப்பூரணி என்ற பதினேழு வயதுப் பெண் தன் பெயரைத் தமிழில் அடித்து, அது திரையில் எழுத்தெழுத்தாக வந்தபோது, “மாமா, என்ட பேர் வெளிச்சத்தில நிக்கிது” என்றாள். அன்றிலிருந்து அவர் அந்த வேலையை உண்மையாகவே நம்பத் தொடங்கிவிட்டார். கெடுதலுக்கு அதுவே போதுமாக இருந்தது.

ஜெனறேற்றருக்கு எண்ணெய் வேண்டும். எண்ணெய் அக்கரையில்தான். நடுவில் ஆமியின் சோதனைச் சாவடி. வெறுங்கையோடு போனால் கேள்வி அதிகம் என்று பரீனா ஓர் அடையாள அட்டை அனுப்பிவைத்தாள். மூன்று மொழியிலும் அச்சிட்ட அழகான அட்டை. தமிழில் ‘பொறுப்பாளர்’ என்று இருந்தது.

சாவடியில் இருந்த சார்ஜனுக்குத் தமிழில் வாசிக்கத் தெரிந்த சொற்கள் குறைவு. ஆனால் அந்தச் சொல் நன்றாகத் தெரியும். காட்டுப் பக்கத்து இயக்கத்தில் பெரிய இடத்தில் இருப்பவர்களுக்குத்தான் அந்தப் பட்டம்.

“நீ பொறுப்பாளர்?”

“ஓம் ஸேர்.”

“உனக்குக் கீழ எத்தின?”

“மூண்டு ஸேர்.”

“மேல யார்?”

“கொழும்பு ஸேர். முழுக்கக் கொழும்புதான்.”

சார்ஜன் துவக்கைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். சாவடியிலிருந்து கொழும்புக்குத் தொலைபேசி எடுத்து, பரீனா சிங்களத்தில் விளங்கப்படுத்தி முடியும்வரை நல்லரத்தினம் வெயிலில் முட்டுக்காலில் இருந்தார். எண்ணெய்க் கானைப் பறித்துக்கொண்டு ஆளை விட்டார்கள்.

“அந்தச் சொல்ல மாத்து பிள்ள, உனக்குப் புண்ணியம் கிடைக்கும்” என்று வாவிக்குள் நின்று கெஞ்சினார்.

மாற்றினாள். புது அட்டையில் ‘தகவல் அலுவலர்’ என்று வந்தது. சாவடியில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நல்லரத்தினம் கானில் எண்ணெயோடு, சட்டையில் அட்டையோடு, பாதையை விட்டு இறங்கி ஊருக்குள் நடந்தார். வயல் வரம்பில் சைக்கிளில் வந்த இரண்டு பேர் நிறுத்தினார்கள். அவர்கள் காட்டுப் பக்கம்.

ஒருவன் அட்டையை வாசித்தான். பிறகு மற்றவனிடம் காட்டினான். இருவரும் சிரிக்கவில்லை.

“தகவல் அலுவலரோ? ஆருக்குத் தகவல் குடுக்கிறீங்க?”

நல்லரத்தினத்துக்குப் பயிற்சியில் சொல்லித்தந்த வாசகம் நாக்கில் நின்றது. “எல்லாருக்கும்” என்றார்.

அன்று அவர் வீடு திரும்பியபோது இடது காது கேட்கவில்லை. மனைவி சீதேவி வெந்நீர் வைத்தாள். ஒத்தடம் கொடுத்து முடிந்ததும் கத்திரிக்கோலை எடுத்து அட்டையை வெட்டினாள். படமும் பெயரும் மட்டும் மிஞ்சின.

“இனி நீங்க வெறும் நல்லரத்தினம். அது போதும் எனக்கு.”

“அரசாங்கத்துச் சாமான் கா அது!”

“காதும் அரசாங்கம் தந்ததோ?”

அவர் நிறுத்தவில்லை. ஒரு காதோடும் பாதி அட்டையோடும் வகுப்பை நடத்தினார். பிள்ளைகள் வந்தார்கள். சில பேர் மின்விசிறிக்காக வந்து, இருந்து, பிறகு உண்மையாகவே படித்தார்கள். முதல் தொகுதிக்குச் சான்றிதழும் கொடுத்தார், படம் ஒட்டி, முத்திரை குத்தி. பரீனா சந்தோஷத்தில் சத்தம் போட்டாள். “வீதம் ஏறுது ஸேர்! இப்பிடியே போனா உங்கட பேர மேல அனுப்புவம்!”

அடுத்த கிழமை சைக்கிள்காரர்கள் ஊருக்குள் வந்தார்கள். இந்தமுறை கனிவாகத்தான் கேட்டார்கள்.

“இஞ்ச கம்ப்யூட்டர் தெரிஞ்ச பிள்ளைகள் இரிக்காமே? எங்களுக்கும் அப்பிடி ஆக்கள் தேவை.”

அவ்வளவுதான். மறுநாள் விடிந்து பார்த்தால் சான்றிதழ் வாங்கிய பிள்ளைகளில் பாதிப்பேர் ஊரில் இல்லை. ஒருவனைப் பெற்றோர் ஏறாவூருக்கு அனுப்பிவிட்டார்கள். ஒருத்திக்குப் பதினாறு வயதில் கலியாணம் பேசிவிட்டார்கள். கட்டாருக்குப் போவதற்கு ஒருவன் கடவுச்சீட்டு எடுக்கப் போனான். கணினி தெரிந்தவர்கள் போனார்கள், தெரியாதவர்கள் இருந்தார்கள். வீதம் விழுந்தது.

“என்ன ஸேர் நடக்குது?” என்றாள் பரீனா. “படிப்பிக்கப் படிப்பிக்கக் குறையுதே!”

அதை அவர் எப்படிச் சொல்வார்? தொலைபேசியை ஒட்டுக்கேட்பவர்கள் எத்தனை பக்கத்தில் இருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்?

பிறகுதான் வேலப்போடி வந்தார். ஊரில் பெரிய வட்டைக்காரர். பாதி வயல் அவருடையது. அதுவரை நிலையத்தின் வாசலை மிதித்ததில்லை. மகனையும் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

“தம்பி, ஒரு உதவி. இவனுக்குக் கம்ப்யூட்டர் தெரியாதெண்டு ஒரு கடிதம் தா.”

“இவன் வகுப்புக்கே வரல்லயே போடியார்?”

“அதத்தான் எழுதச் சொல்லுறன். முத்திரையும் குத்து.”

நல்லரத்தினம் யோசித்தார். பொய்யில்லை, உண்மையைத்தான் கேட்கிறார்கள். இருந்து அடித்தார்: ‘மேற்படி நபருக்குக் கணினி பற்றி எவ்வித அறிவும் கிடையாது என்பதை இத்தால் உறுதிப்படுத்துகிறேன்.’

மறுநாள் சங்கக்கடை வாசலில் வரிசை நின்றது. நிலையம் திறந்த நாளிலிருந்து அப்படியொரு கூட்டத்தை அவர் கண்டதில்லை. தாய்மார் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வந்தார்கள். உள்ளே வந்த பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்கள், பெட்டியைப் பார்த்தாலே தெரிந்துவிடும் என்பதுபோல. “எவ்வித அறிவும் எண்டுறதக் கொஞ்சம் பெரிய எழுத்தில போடுங்க” என்றாள் ஒருத்தி. அந்த ஊரில் தகவல் தொழில்நுட்பம் மக்களுக்கு முழுமையாகப் பயன்பட்டது அந்த இரண்டு கிழமைதான்.

அன்னப்பூரணியும் தாயோடு வந்தாள். அவள் அமிர்தகழியில் இருக்கும் சின்னம்மா வீட்டுக்குப் போகவேண்டும். வழியில் இரண்டு பக்கத்தாரிடமும் காட்டக் கடிதம் வேண்டும். நல்லரத்தினத்துக்கு விரல் ஓடவில்லை.

“எழும்புங்க மாமா, நான் அடிக்கிறன்” என்றாள் அவள்.

தனக்கு ஒன்றும் தெரியாது என்பதை அவளே அடித்தாள். அவர் வழமையாக விடும் எழுத்துப் பிழையையும் திருத்தினாள். ஓரம் நேராக வரச் செய்தாள். அதுவரை அந்த நிலையத்திலிருந்து வெளிவந்த கடிதங்களில் அதுதான் மிக அழகானது.

சாவடியில் தமிழ் தெரிந்த ஒருவன் அதை வாங்கி வாசித்தானாம். “நல்லா அடிச்சிரிக்கு. ஆர் அடிச்சது?” என்று கேட்டானாம். பொய் சொல்லிப் பழகாத பிள்ளை. “நான்தான்” என்றாளாம்.

விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று சொல்லித் தாயைத் திருப்பி அனுப்பினார்கள். தாய் பாதைத் துறையில் குந்திக்கொண்டிருந்தாள். நல்லரத்தினம் பக்கத்தில் போய் இருந்தார். மூன்றாம் நாள் பிள்ளையை விட்டார்கள். அவள் தாயைக் கட்டிக்கொண்டாள், இவரைப் பார்த்தாள், அமிர்தகழிக்குப் பேருந்து ஏறினாள். நல்லரத்தினம் அதற்குப் பிறகு யாருக்கும் கடிதம் அடிக்கவில்லை.

ஆனால் வீதம் வேண்டுமே! யாரும் பிடித்துக்கொண்டு போகாத ஆட்களுக்குப் படிப்பித்தால் என்ன என்று யோசித்தார். அப்படித்தான் தோணிக்காரர் கோணாமலையைப் பிடித்தார். கோணாமலைக்கு அறுபது தாண்டிவிட்டது, ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. அவரை எந்தப் பக்கத்தாரும் கேட்கமாட்டார்கள்.

“எனக்கென்னத்துக்குத் தம்பி இது?”

“கடதாசி விளையாடலாம் அண்ண. எதிர்ல ஆள் தேவையில்ல.”

கோணாமலை ஒரு கிழமையில் அந்தச் சீட்டாட்டத்தில் ஊறிவிட்டார். சீதேவியையும் நல்லரத்தினம் இழுத்துக்கொண்டு வந்து இருத்தினார். அவள் திட்டிக்கொண்டே படித்தாள். திட்டும்போதுதான் வேகமாக அடித்தாள். வேறு யாரும் வரவில்லை. சான்றிதழ் வாங்கிய மிச்சப் பிள்ளைகளும் ஒவ்வொருவராக ஊரை விட்டுப் போயிருந்ததால், முழு ஊரில் கணினி தெரிந்தவர்கள் மூன்றே பேர். பரீனா பெருமூச்சு விட்டாள். “அடுத்த மாசம்தான் ஸேர் கடைசி.”

அடுத்த மாதம் ஷெல் விழத் தொடங்கியது.

முதலில் வயல் வட்டைப் பக்கம் விழுந்தது. பிறகு பள்ளிக்கூடத்தின் பின்புறம். பாதை நின்றுவிட்டது. சனம் சட்டி பானையோடு, ஆட்டோடு, தைத்து முடியாத துணியோடு வாவிக்கரைக்கு ஓடியது. கோணாமலைதான் ஏற்றி ஏற்றி அக்கரையில் இறக்கினார். இறக்கிவிட்டுத் திரும்பி வந்தார். மறுபடியும் ஏற்றினார். வேலப்போடி கடைசி மூட்டையை விட்டுவிட்டு ஏறினார். அன்னப்பூரணியின் தாய் ஒன்றுமே கொண்டுவராமல் ஏறினாள்.

நல்லரத்தினம் நிலையத்தின் படியில் இருந்தார்.

“இஞ்ச பாருங்க, எழும்புங்க” என்றாள் சீதேவி.

“மூண்டையும் பொறுப்பெடுத்துக் கையெழுத்து வச்சிரிக்கன். விட்டுட்டுப் போனா என்னத்தச் சொல்லுற?”

“செத்தா என்னத்தச் சொல்லுவீங்க?”

அவள் ஏசிவிட்டுத் துறைக்குப் போவாள் என்று நினைத்தார். அவளோ பக்கத்திலேயே படியில் இருந்துவிட்டாள். கூரை ஓடுகள் ஒருதடவை குலுங்கி நின்றன. உள்ளே மூன்று திரைகளும் இருட்டாகக் கிடந்தன.

கோணாமலை வந்து வாசலில் நின்றார். உடுத்திருந்த சாரன் முழுக்க ஈரம். மூச்சு வாங்கியது.

“எல்லாரும் போயிட்டாங்க. நீங்க ரெண்டு பேரும்தான் மிச்சம். வாங்க தம்பி, இனி ஒருக்காத்தான் ஏலும் எனக்கு.”

“ஒரு பெட்டியையாவது ஏத்துவமா அண்ண?”

“பெட்டிய ஏத்தினா உன்ன இறக்கவேணும்.”

கடைசியில் தொலைபேசியை மட்டும் எடுத்துக்கொண்டார். கதவைப் பூட்டினார். யாருமில்லாத ஊரில் எதற்குப் பூட்டு என்று சீதேவி ஏசினாள். துறையில் தோணியைத் தள்ளிக்கொண்டு தண்ணீரில் முழங்காலளவு இறங்கினார்கள். இடுப்பில் இருந்த தொலைபேசி மணியடித்தது.

“ஸேர், நான் பரீனா. மாசக் கணக்கு முடிக்கிறன், உங்கட ஊர் மட்டும்தான் மிச்சம். லைன் ஒரே இரையுது, கெதியாச் சொல்லுங்க. இப்ப ஊரில எத்தின பேர் ஸேர்?”

நல்லரத்தினம் திரும்பிப் பார்த்தார். பள்ளிக்கூடப் பக்கம் புகை. கரையில் யாரோ விட்டுப்போன செருப்பு ஒன்று. பொய்க்கணக்குச் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

“மூண்டு” என்றார்.

“சரி. அதில கம்ப்யூட்டர் தெரிஞ்சவங்க?”

சீதேவி தோணியில் ஏறித் தலையில் கை வைத்திருந்தாள். கோணாமலை தாங்குகோலை ஊன்றிக்கொண்டு நின்றார்.

“மூண்டு.”

விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு பரீனா, அழுவதுபோல, சந்தோஷத்தில் கத்தினாள்:

“ஸேர், நூறு வீதம்! நாட்டிலயே முதல் ஊர்! என்ன செய்து ஊர இப்பிடி ஆக்கினீங்கண்டு சொல்லுங்க ஸேர், மற்ற ஊர்களிலயும் அதையே செய்யச் சொல்லி இப்பவே எழுதுறன்!”