கொதிச்சாறின காக்காவும் சம்மந்தி வீட்டுத் தண்ணீரும்

கல்முனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் தண்ணீருக்குப் பயந்த ஒரே ஆண்பிள்ளை எங்கள் தெருக் கொதிச்சாறின காக்காதான். காக்கா என்றால் எங்கள் ஊரில் அண்ணன். கடலுக்குப் பயமில்லை, வெள்ளத்துக்குப் பயமில்லை. கிளாசில் இருக்கிற தண்ணீருக்குத்தான் பயம். ஆஸ்பத்திரிச் சுவரில் ‘கொதித்தாறிய நீரைப் பருகுங்கள்’ என்று எழுதியிருப்பதை நாமெல்லாம் வாசித்துவிட்டு நம் பாட்டில் போனோம். அவர் அதை அப்படியே மனதில் எழுதிக்கொண்டார். பெயரும் அதிலேயே வந்தது. கோபத்திலும் ஆள் அப்படித்தான். சடாரென்று கொதிப்பார், ஐந்து நிமிடத்தில் ஆறிவிடுவார்.

பாண் ரொட்டி ஏற்றித் திரிந்த பழைய வேன் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டில், கேஸ் அடுப்பு, கூரையில் தண்ணீர்த் தாங்கி எல்லாம் பூட்டி அதை ஓடும் வீடாக்கினார். எதற்கு என்று கேட்டேன்.

“வெளியூர்த் தண்ணி குடிக்காம வெளியூர் போறத்துக்குத்தான்டா தம்பி!”

வேனுக்குள் சட்டம் கடுமை. நீலக் கலன் குடிக்க, சிவப்புக் கலன் கழுவ. தண்ணீர் நிரப்பும் ஹோசுக்குத் தனிப் பை. அது நிலத்தில் பட்டால் அன்றைக்கு வீட்டில் சோறு இறங்காது. மாதம் ஒரு முறை தாங்கிக்குள் குளோரின் விட்டுக் கழுவுவார். அன்று தெருவுக்கே மூக்கு எரியும்.

கடைப் போத்தலையும் சும்மா நம்ப மாட்டார். சம்மாந்துறைக் கடையொன்றில் போத்தலைக் காதோடு வைத்து, மூடி ‘டிக்’ என்று உடைகிறதா என்று கேட்டுக் கேட்டே நாலு போத்தலைத் திறந்துவிட்டார். கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது.

“காக்கா, நீங்க தண்ணி வாங்க வந்தீங்களா, ரேடியோ வாங்க வந்தீங்களா?”

இந்தப் பைத்தியம் ஒரு நாள் வினையாகவும் முடிந்தது. மகன் மாவனல்லையில் கலியாணம் முடித்தான். விருந்தில் சம்மந்தி தன் கையால் சர்பத் நீட்டினார். காக்கா அத்தனை பேருக்கு முன்னால், “இது எந்தத் தண்ணில கரைச்சது?” என்று கேட்டுவிட்டு, இடுப்பிலிருந்த தன் போத்தலைத் திறந்து குடித்தார். சம்மந்தியின் முகம் செத்துவிட்டது. அதன்பிறகு இரண்டு வருடம் போக்குமில்லை, வரத்துமில்லை. பேரன் பிறந்ததையே ராத்தா, அதுதான் காக்காவின் மனைவி, போனில்தான் பார்த்தா.

பிள்ளைக்கு நாற்பதாம் நாள் விருந்து என்று மகன் அழைத்தபோது ராத்தா ஒரே சொல்லில் முடித்தா:

“இஞ்ச பாருங்க, அங்க போய் இன்னொருக்கா அந்தப் போத்தலத் திறந்தீங்க எண்டா எனக்குப் பேரனும் இல்ல, உங்களுக்கு நானும் இல்ல.”

“சரி புள்ள, சரி” என்றார் காக்கா. குரலில் உயிர் இல்லை.

வேன் ஓட்ட மாற்று ஆளாக நானும் போனேன். மகியங்கனைக்கு இப்பால், பகல் லுஹர் தொழ நிறுத்தினோம். நான் அவசரத்தில் கலன் மாறி, நீலக் கலனில் தொழுகைக்கு வுழூச் செய்து இரண்டு காலையும் நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். பார்த்தாரே மனிதர்!

“அடேய் பாவி! விடியச் சுபஹுக்கு எழும்பிக் கொதிக்க வெச்ச தண்ணிடா! அதுலயா காலக் கழுவின?”

கொதித்தார். ஐந்து நிமிடம் போனது. ஆறினார்.

“சரி வா, தொழுவம். உன்ட கால்ல இனிக் கிருமியாவது இல்ல.”

பதினெட்டு வளைவுப் பாதையில் ஏறும்போது மலையிலிருந்து விழும் பீலித் தண்ணீரைச் சனம் கையேந்திக் குடித்துக்கொண்டிருந்தது. எனக்கும் ஆசை வந்தது. காக்கா விடவில்லை.

“மேல மாடு குளிச்சாலும் கீழ குளிராத்தான்டா வரும். குளிரும் சுத்தமும் ஒண்டில்ல.”

மாவனல்லையில் சம்மந்தி வாசலுக்கு வந்து ஸலாம் சொன்னார், ஆனால் சிரிக்கவில்லை. காக்காவை மண்டபத்தில் இருத்திவிட்டு ஒரு கிளாஸ் தண்ணீரை அவரே கொண்டுவந்து நீட்டினார். சர்பத் இல்லை, வெறும் தண்ணீர். வேண்டுமென்றேதான் கொண்டுவந்தார் என்று எனக்கு விளங்கியது. உள்கதவோரம் ராத்தா பேரனை ஏந்திக்கொண்டு அசையாமல் நின்றா. காக்காவின் கை இடுப்புப் பக்கம் போனது. அல்லாஹ்வே, துலைஞ்சுது என்று நினைத்தேன்.

போத்தலை எடுத்தார். எடுத்து என் மடியில் வைத்தார். “பிஸ்மில்லாஹ்” என்று கண்ணை மூடி, மூன்று மிடறில் கிளாசைக் காலி பண்ணினார். பிறகு, “சம்மந்தி, இன்னொரு கிளாஸ் கிடைக்குமா?” என்றார்.

சம்மந்தி கிளாசை வாங்கினார். அவரே உள்ளே ஓடிப்போய்க் கொண்டுவந்தார். அதுவும் முடிந்ததும் பேரனை வாங்கிக் காக்காவின் மடியில் வைத்தார். ராத்தா முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டா.

திரும்பும் வழியில் காக்கா வேன் கட்டிலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தார். கண்டி வருவதற்குள் மூன்று பெற்றோல் செட்டில் அவருடைய கக்கூசுக்காக நிறுத்தினேன்.

“எனக்கு முடிஞ்சுது புள்ள. வயித்துக்குள்ள என்னமோ ஊருது.”

“ஒண்டும் ஊரல்ல” என்றா ராத்தா. “மருமகள் எனக்கிட்டப் போன்ல கேட்டு, காலையிலயே கொதிக்க வெச்சு ஆற வெச்ச தண்ணி அது.”

காக்கா எழும்பி உட்கார்ந்தார். வயிற்றுவலி இருந்த இடம் தெரியவில்லை.

“இத முதல்லயே சொன்னா என்ன?”

“சொல்லிக் குடிச்சா அதுல என்ன இரிக்கி?”

அவர் இரண்டு விரலை நீட்டினார்.

“அப்ப ரெண்டாவது கிளாஸும் கொதிச்சதுதானே?”

“இல்ல. நீங்க ரெண்டாவது கேப்பீங்க எண்டு ஆரு நினைச்சது? அது சம்மந்தி ஓடிப்போய்க் கிணத்துல அள்ளினது.”

அடுத்த பெற்றோல் செட் எங்கே என்று நான் ரோட்டைப் பார்த்தேன். பின்னாலிருந்து காக்கா மெல்லச் சொன்னார்:

“அதுதான் புள்ள நல்லா இனிச்சிச்சி.”

அந்த மனிதரை அப்போதே கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது எனக்கு. ஸ்டியரிங் கையில் இருந்ததால் ஓட்டிக்கொண்டே போனேன்.