சர்டிபிகேட் வாங்கிப் பட்டினி போட்டேன்

என் வாழ்க்கையில் நான் வாங்கிய சர்டிபிகேட் ஒன்றே ஒன்றுதான். வெளிநாட்டுக்காரர்களோடு முறையாகப் பழகத் தெரிந்தவன் என்று அதில் போட்டிருக்கிறது. அதை வாங்கிய அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வெள்ளைக்காரம்மாவை வீட்டுக்குக் கூப்பிட்டுப் பட்டினி போட்டேன்.

(வேண்டுமென்று செய்யவில்லை. படித்ததைத்தான் செய்தேன்.)

எனக்குப் பேச்சு குறைவு. படிப்பு அதைவிடக் குறைவு. ஆறாம் வகுப்பில் வாத்தியார் என்னிடம் கேள்வி கேட்பதை நிறுத்தினார். நான் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினேன். பிறகு லாரியில் கிளீனர். பிறகு டிரைவர். எண்பதுகளின் தொடக்கத்தில், மிஷன்காரர்கள் மதுரையில் நடத்திய ஒரு பயிற்சி நிலையத்தில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். வெளிநாட்டு வாத்தியார்கள் அங்கே வந்து சில மாதம் தங்குவார்கள். கொஞ்சம் தமிழ் படிப்பார்கள். நம் பள்ளிக்கூடங்களையும் நாம் வாழ்கிற விதத்தையும் பார்த்துவிட்டு ஊருக்குப் போவார்கள். அவர்களை ஏற்றி இறக்குவது என் வேலை. தற்காலிக வேலை.

அந்தத் தற்காலிகம்தான் என் கல்யாணத்துக்குக் குறுக்கே படுத்துக் கிடந்தது. திருவாதவூரில் இருந்த என் தாய்மாமன் மகள் வசந்தா எனக்குத்தான் என்று பேச்சு. மாமா நல்ல மனிதர். வயலில் இந்தக் கோடியில் நின்று பேசினால் அந்தக் கோடியில் மாடு திரும்பிப் பார்க்கும், அப்படிக் குரல். அந்தக் குரலில்தான் சொன்னார்.

"மாப்ள, நான் மழை வருமான்னு மானத்தப் பாத்து வெள்ளாம பண்றவன். என் மகளாவது நெலையான சோறு திங்கட்டும். வேலைய பெர்மனெண்ட் பண்ணிட்டு வா. மறுநாளே தாம்பூலம் மாத்திருவோம்."

"சரி மாமா" என்றேன். அன்று நான் பேசியது அவ்வளவுதான்.

ஒருநாள் டைரக்டர் அய்யா கூப்பிட்டார்.

"பாண்டி, புதுசா வந்த டீச்சருங்க ஒவ்வொருத்தரும் ஒரு ஸ்டாஃப் வீட்டுல ஒருநாள் சாப்பிடணும். ஜெர்மனி ஹெல்கா அம்மா உன் வீட்டுக்கு வாராங்க. நீ எப்படிக் கவனிச்சேன்னு அவங்க வந்து சொல்லட்டும். அதுக்கப்புறம்தான் உன் பேரக் கமிட்டிக்கு அனுப்புவேன்."

ஆக என் வேலை, கல்யாணம் எல்லாம் ஒரு வேளைச் சாப்பாட்டில் வந்து நின்றது. அதற்கு முன்னால் ஊழியர்களுக்கு மூன்று நாள் பயிற்சி என்றார்கள்.

பயிற்சி கொடுத்தவர் ஸ்டெல்லா டீச்சர். காலையில் எங்களுக்கு வகுப்பு. மதியம் பக்கத்து அறையில் வெள்ளைக்காரர்களுக்கு வகுப்பு. அங்கே என்ன சொல்லிக் கொடுத்தார் என்று நாங்கள் கேட்கவில்லை. எங்கள் பாடமே எங்களுக்கு அதிகமாக இருந்தது. வயசு கேட்கக் கூடாது. கல்யாணம் ஆயிற்றா என்று கேட்கக் கூடாது. சம்பளம் கேட்கவே கூடாது. ஒட்டி நிற்கக் கூடாது. எதற்கெடுத்தாலும் தேங்க்ஸ் சொல்ல வேண்டும்.

கடைசி நாள், சர்டிபிகேட் கொடுப்பதற்கு முன்னால், நடித்துக் காட்டச் சொன்னார்கள். கிளார்க் சாமுவேல் வெள்ளைக்காரர். முகமெல்லாம் பவுடர், கழுத்தில் டை. நான் வீட்டுக்காரன். அசையாமல் நின்றேன்.

"பாண்டி, ஏன் இப்படி நிக்கிறீங்க? ஏதாவது பேசுங்க."

"என்ன பேச?"

"வெயில், மழை பத்திப் பேசலாம். அதுல யாருக்கும் சங்கடம் கெடையாது."

சாமுவேலைப் பார்த்தேன். "இன்னிக்கி வெயில்" என்றேன்.

"வெரி குட்!" என்றார் டீச்சர். என்னைப் பார்த்து ஒருவர் வெரி குட் சொன்னது அதுதான் முதல் தடவை. தலை லேசாகச் சுற்றியது.

அடுத்து ஒரு தட்டில் வடையைக் கொடுத்து உபசரிக்கச் சொன்னார். சாமுவேல் வெள்ளைக்காரர் மாதிரியே தோளைக் குலுக்கி, "நோ, தேங்க்ஸ்" என்றார். "சரி" என்று தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

"பாத்தீங்களா? இதுதான் சரி" என்றார் டீச்சர். "நாம வேணாம்னு சொன்னாலும் விட மாட்டோம். இலையில அள்ளிக் கொட்டுவோம். அவங்களுக்கு அது தொந்தரவு. ஒரு தடவ வேணாம்னு சொன்னா நிப்பாட்டிரணும். பாண்டிக்குக் கை தட்டுங்க."

எல்லோரும் கை தட்டினார்கள். சாமுவேல் மட்டும் தட்டவில்லை. "டீச்சர், நடிப்பு முடிஞ்சிருச்சுல்ல? அந்த வடை..." என்றார். நான் தின்று முடித்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு விளாங்குடியில் எங்கள் வீடு தயாரானது. மாமாவும் வசந்தாவும் காலை பஸ்ஸிலேயே வந்துவிட்டார்கள். மருமகன் வீட்டு மரியாதையை மாமா நேரில் பார்க்க வேண்டுமாம். அம்மா நாட்டுக்கோழிக் குழம்பு வைத்தார். அயிரை மீன் குழம்பும் வைத்தார். நான் அடுப்படி வாசலில் நின்று அம்மாவுக்குப் பயிற்சி நடத்தினேன்.

"வேணாம்னு சொன்னா வேணாம்தான். மறுபடி கேக்கக் கூடாது."

"கேக்காம எப்படிடா சாப்புடுவாக? யாராச்சும் மொத வார்த்தையிலேயே சரின்னு சொல்லுவாகளா? வெக்கமா இருக்காது?"

"அவங்களுக்கு இருக்காது. படிச்சிருக்கேன்."

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் படித்திருக்கிறேன் என்று சொல்லி அவர் கேட்டதில்லை.

ஹெல்கா அம்மாவை அழைத்துவர வேனை எடுத்துக்கொண்டு போனேன். ஆறடி உயரம். சேலை கட்டியிருந்தார், அது முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வந்ததும் முடிந்துவிட்டது. புத்தகத் தமிழ் பேசுவார். வண்டி கிளம்பியதும், "இன்னிக்கி வெயில்" என்றேன்.

"ஆம். வெயில் அதிகம்" என்றார்.

சிம்மக்கல்லில் ஒருமுறை சொன்னேன். வைகைப் பாலத்தில் ஒருமுறை சொன்னேன். விளாங்குடி வருவதற்குள் எங்களுக்குள் வெயிலைப் பற்றிக் கருத்து வேறுபாடே இல்லை.

வீட்டுக்குள் வந்தவர் செருப்பைக் கழற்றினார். பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். மாமாவைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு ஆரம்பித்தார்.

"ஐயா, உங்கள் வயது என்ன?"

கேட்கக் கூடாத கேள்வி அல்லவா அது? மாமா சந்தோஷமாகச் சொன்னார்.

"உங்கள் மகளுக்கு ஏன் இன்னும் திருமணம் ஆகவில்லை?"

மாமா விரலை என் பக்கம் நீட்டினார். "இவனுக்கு வேல பெர்மனெண்ட் ஆகலம்மா. அதான்."

ஹெல்கா அம்மா என் பக்கம் திரும்பினார். "ஏன் ஆகவில்லை?"

உங்கள் கையில்தான் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? "இன்னிக்கி வெயில் ஜாஸ்தி" என்றேன்.

உள்ளே வசந்தா சிரிக்கிற சத்தம் கேட்டது.

இலை போட்டாயிற்று. மாமாவுக்கு ஒன்று, அந்தம்மாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. அம்மா சோற்றோடு குனிந்தார். "சாப்புடுங்கம்மா."

ஹெல்கா அம்மா இலைமேல் கையை மறித்தார். "வேண்டாம். எனக்குப் பசி இல்லை."

அம்மா அகப்பையோடு என்னைப் பார்த்தார். "சரி. தேங்க்ஸ்" என்றேன் நான். சொன்னதோடு விட்டிருக்கலாம். சாமுவேலிடம் வடைத் தட்டை எடுத்த கை அல்லவா? ஹெல்கா அம்மா முன்னால் இருந்த இலையையும் எடுத்துச் சுருட்டிவிட்டேன்.

அம்மா நெஞ்சில் கை வைத்தார். "அடப்பாவி! விருந்தாளி முன்னாடி போட்ட எலைய எடுக்கலாமாடா?"

"அம்மா. தொந்தரவு பண்ணாத."

மாமாவுக்கு அதற்குள் பரிமாறியாயிற்று. அவர் சாப்பிட ஆரம்பித்தார். கோழிக் காலை அவர் கடிப்பதை ஹெல்கா அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் எங்கோ கடமுடவென்று ஒரு சத்தம்.

"என்ன மாப்ள, யாரு வயிறு இது?" என்றார் மாமா.

"மாமா, அதெல்லாம் கேக்கக் கூடாது."

அம்மாவுக்கு மனசு பொறுக்கவில்லை. "காப்பியாச்சும் குடிங்கம்மா" என்று டம்ளரோடு வந்தார்.

"வேண்டாம், அம்மா."

"சரி" என்று காபியை நான் வாங்கிக் குடித்தேன். ஹெல்கா அம்மா மூக்கு காபி போன திசையில் திரும்பியதை அப்போது நான் யோசிக்கவில்லை.

மூன்றாவதாக அம்மா வாழைப்பழச் சீப்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "இந்தப் பழத்தையாச்சும்..." என்றார். ஹெல்கா அம்மா முகம் மலர்ந்தது. வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"அம்மா! ரெண்டு தடவ வேணாம்னு சொல்லிட்டாங்க. மறுபடி மறுபடி கேட்டா என்ன அர்த்தம்?"

திறந்த வாய் அப்படியே மூடியது.

கொஞ்ச நேரம் கழித்து அவர் சொம்புத் தண்ணீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். "போய் வருகிறேன்" என்று எழுந்தார். மாமா என்னை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனார். ரகசியம் பேசினார். தெருவே கேட்டது.

"மாப்ள, வேல பெர்மனெண்ட் ஆகட்டும், ஆகாமப் போகட்டும். வீடு தேடி வந்த பொம்பளைக்கு ஒருவாய்ச் சோறு போடத் தெரியாதவன் வீட்டுல என் மக என்னத்தத் திம்பா? இந்தப் பேச்ச இத்தோட விட்ருவோம்."

(வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.)

திருவாதவூர் பஸ்ஸுக்கு மாமாவையும் வசந்தாவையும் சிம்மக்கல்லில் இறக்கிவிடுவதாக ஏற்கெனவே ஏற்பாடு. அதனால் நாலு பேரும் ஒரே வேனில் ஏறினோம். மாமா முன்சீட்டில் என்னைப் பார்க்காமல் உட்கார்ந்தார். ஹெல்கா அம்மாவும் வசந்தாவும் பின்னால். மிச்சமான சோற்றையும் கோழிக் குழம்பையும் அம்மா ஒரு தூக்குச்சட்டியில் போட்டு வசந்தாவிடம் கொடுத்திருந்தார். வேன் முழுக்க அந்த வாசம்.

சிம்மக்கல்லில் ஒரு மொத்தக்கடை வாசலில் லாரி நின்று மூட்டை இறக்கிக்கொண்டிருந்தது. வழி இல்லை. வண்டியை நிறுத்தினேன். கண்ணாடியில் பார்த்தேன். ஹெல்கா அம்மா தூக்குச்சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். வசந்தாவும் அதைப் பார்த்துவிட்டாள்.

"அக்கா, ரெண்டு வாய் சாப்புடுறீகளா?"

"வேண்டாம்."

"அட, சும்மா சாப்புடுங்கக்கா."

"இல்லை, வேண்டாம்."

"வசந்தா, விடு" என்றேன்.

"நீங்க ரோட்டப் பாருங்க மச்சான்." மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டது. "என்னக்கா கூச்சம்? நம்ம வீட்டுச் சோறுதான? இந்தாங்க, பிடிங்க!"

"சரி!" என்றார் ஹெல்கா அம்மா.

அந்த மாதிரி ஒரு சரியை நான் கேட்டதே இல்லை. அவர் சாப்பிட ஆரம்பித்தார். சட்டிக்குள் கையை விட்டு, குழம்பு முழங்கைவரை வழிய, எலும்பைக்கூட விடாமல் சாப்பிட்டார். வேன் ஜன்னலில் முதலில் ஒரு மூட்டைக்காரர் எட்டிப் பார்த்தார். அடுத்து இரண்டு ஆட்டோக்காரர்கள். அப்புறம் ஒரு கும்பல்.

"டிரைவர் அண்ணே, அந்தம்மாவ எங்க இருந்து கூட்டிட்டு வாரீக? இம்புட்டுப் பசி பசிச்சிருக்கு!"

"எங்க அத்தை வீட்டு விருந்துக்குப் போயிட்டு வாராங்கண்ணே" என்றாள் வசந்தா.

சிம்மக்கல் சிரித்தது. நான் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்தேன். தலை பட்டு ஹாரன் அடித்தது. பார்க்காமல் போனவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

சட்டி காலியானதும் ஹெல்கா அம்மா விளக்கினார். "தமிழர் வீட்டில் உடனே சரி என்று சொல்லக் கூடாது. இரண்டு முறை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மூன்றாம் முறை சாப்பிடலாம். நிறையப் பரிமாறுவார்கள், அதனால் காலையில் சாப்பிடாமல் போங்கள். இப்படி ஸ்டெல்லா டீச்சர் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்."

திரும்பிப் பார்த்தேன். "எங்களுக்கும் ஸ்டெல்லா டீச்சர்தான்" என்றேன். என் பாடத்தையும் சொன்னேன்.

முதலில் சிரித்தது ஹெல்கா அம்மாதான். அப்புறம் மாமா. வேன் குலுங்கியது. "அந்தப் பக்கம் ஒரு படிப்பு, இந்தப் பக்கம் ஒரு படிப்பு! ரெண்டு பேரும் நல்லாப் படிச்சிருக்கீக! எம் மக படிக்கல, அதான் சோறு போட்டுச்சு!" என்று தொடையில் அடித்துக்கொண்டார். லாரி நகர்ந்து வழி விட்டது, திருவாதவூர் பஸ் எங்களைத் தாண்டிப் போனது. அவர் கவனிக்கவில்லை.

மறுநாள் டைரக்டர் அய்யா முன்னால் நின்றேன். ஹெல்கா அம்மா ஒன்றுவிடாமல் சொல்லியிருந்தார். ஸ்டெல்லா டீச்சர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு நின்றார்.

"இத்தன வருஷமாப் பயிற்சி நடத்துறோம்" என்றார் டைரக்டர். "சொன்னத ஒரு எழுத்து மாறாமச் செஞ்சவன் நீ ஒருத்தன்தான்யா." என் பேரைக் கமிட்டிக்கு அனுப்பினார். அடுத்த பயிற்சியிலிருந்து இரண்டு வகுப்பையும் ஒரே அறையில் நடத்தினார்கள். முதல் பாடம் நான் எழுந்து நின்று இந்தக் கதையைச் சொல்வது. (பேச்சு குறைந்தவனுக்கு அதைவிடத் தண்டனை வேண்டாம்.)

வேலை நிரந்தரமானது. திருவாதவூரில் பேசி முடிக்க உட்கார்ந்தோம். மாமா சொந்தபந்தம் எல்லோர் முன்னாலும் மகளைக் கேட்டார். "பாண்டியக் கட்டிக்கிறியாத்தா?"

"வேணாம்" என்றாள் வசந்தா.

நான் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தேன். அம்மா என் வேட்டியைப் பிடித்து இழுத்தார்.

"ஒக்காருடா சர்டிபிகேட்டு!" என்றவர், வசந்தா பக்கம் திரும்பினார். "ஏத்தா, கட்டிக்கிறியா?"

"வேணாம் அத்தை."

"அட, கட்டிக்கத்தா!"

"சரி அத்தை" என்றாள். அவளைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள். அவள் அப்போதும் தலை நிமிரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

அந்தச் சர்டிபிகேட்டுக்குக் கண்ணாடி போட்டு அடுப்படியில் அரிசி டிரம்முக்கு மேலே மாட்டியிருக்கிறாள். இன்றும் அங்கேதான் இருக்கிறது. சாப்பிடும்போது, இன்னும் கொஞ்சம் போடவா என்பாள். பழக்கத்தில் வேணாம் என்று வாய் தவறிச் சொன்னால் போச்சு. குழம்புச் சட்டி உள்ளே போய்விடும். "பயிற்சி எடுத்த ஆளு. மறுபடி கேட்டாத் தொந்தரவு" என்பாள். இப்போது மருமகள்களும் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

அதனால் யார் என்ன கேட்டாலும் முதல் தடவையே சரி என்றுவிடுகிறேன். உடம்பு கொஞ்சம் போட்டிருக்கிறது.