மாடி வீடு இருக்கே!

"வெள்ளம் வந்தா எங்கம்மா போவீங்க?"

தையல்காரம்மா துணியிலிருந்து தலையைத் தூக்காமலே கத்தரிக்கோலால் மேலே காட்டினார். "அதான் மாடி வீடு இருக்கே!"

கணக்கெடுக்க வந்தவருக்கு நிம்மதியாக இருந்தது. நகரவாசிகள் வெள்ளத்தை எந்த அளவுக்குச் சமாளிப்பார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு மதிப்பெண் போடுவது அவர் வேலை. போன வருஷம் இங்கே தண்ணீர் வாசல்படியோடு திரும்பிவிட்டது. இந்த வருஷம் உள்ளேயே வரும் என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். ஒதுங்க இடம் காட்டாதவர்களை மழைக்கு முன்பே காலி செய்யச் சொல்லிவிடுவார்கள். மனிதர் இளகிய மனசுக்காரர். யாரையாவது காலி செய்ய வைத்தால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது.

"என்னென்ன எடுத்துட்டுப் போவீங்க?"

"நானும் என் மூணு மெஷினும்தான்."

பக்கத்துக் கதவு பஸ் டிரைவருடையது. "மாடிதான் சார். நாங்க நாலு பேரு, மாமியாரு, அப்புறம் ஃபிரிட்ஜு."

"மாமியார் அந்த நாலுல சேர்த்தியா?"

"அவங்கள எதுலயும் சேர்க்க முடியாது சார்."

மூன்றாவது வீட்டு டீச்சரும் மாடியைத்தான் காட்டினார். "நான், என் வீட்டுக்காரர், மீன் தொட்டி."

"மீனுக்கு எதுக்கு டீச்சர் மாடி?"

"வெள்ளத்துல விட்டா திரும்பி வருமா? உங்க பிள்ளைய விடுவீங்களா?"

கீழே மூன்று வீடு. மேலே ஒன்றே ஒன்று, அதுவும் ஒரு ஹால், ஒரு சமையலறை. "இடம் பத்தாது போலிருக்கே" என்று அவர் வாய்விட்டுச் சொன்னதுதான் தப்பாகிவிட்டது.

"ஹால் எங்களுக்கு" என்று டிரைவர் வாசலுக்கு வந்தார்.

"முதல்ல சொன்னது நானு! ஹால் எனக்கு" என்று தையல்காரம்மாவும் வந்துவிட்டார்.

சமாதானம் செய்கிறேன் பேர்வழி என்று அவர் மாடியைப் பங்கு போட்டார். ஹால் டிரைவருக்கு, ஜன்னலோரம் மெஷின்களுக்கு, சமையலறை டீச்சருக்கு.

"ஓஹோ, படிச்சு வேலைக்குப் போனாலும் அடுப்படிதானா எனக்கு?"

டீச்சரை ஹாலுக்கு மாற்றினார். மீன் தொட்டிக்குப் பக்கத்தில் படுக்க முடியாது என்று உள்ளேயிருந்து மாமியார் குரல் கொடுத்தார். மாமியாரைச் சமையலறைக்கு மாற்றினார். டிரைவரின் முகம் மலர்ந்தது. டிரைவரின் மனைவி கரண்டியோடு வெளியே வந்தார்.

"எங்கம்மாவைத் தனியா தள்றதுக்கு நீங்க யாரு?"

வெள்ளம் வருவதற்குள்ளேயே எல்லோருமாகச் சேர்ந்து அவரை முக்கி எடுத்துவிட்டார்கள்.

"இருங்க, இருங்க! மாடி வீட்டுக்காரர்கிட்ட யாராவது கேட்டீங்களா?"

டிரைவரின் மனைவி கரண்டியைக் கீழே இறக்கினார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அந்த முசுடுகிட்டயா?" என்றார் தையல்காரம்மா. "கடிகாரம் ரிப்பேர் பண்றவரு. பொண்டாட்டி போனதுலேர்ந்து தனி ஆளு. எங்கள கண்டா தலைய குனிஞ்சுக்கிட்டுப் போயிடுவாரு. நாங்களும் பேசறதில்ல."

கணக்கெடுக்க வந்தவர் மாடியை அண்ணாந்து பார்த்தார். அந்த மனிதர் முடியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மூன்று குடும்பமும் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான். இவ்வளவு திட்டு வாங்கிய பிறகும் அவருக்கு அவர்கள்மேல் பாசம் வந்துவிட்டிருந்தது. படியேறினார். மற்றவர்களும் ஓசைப்படாமல் பின்னாலேயே வந்து படிக்கட்டுத் திருப்பத்தில் ஒண்டிக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டார்கள். மாமியாரும் வந்திருந்தார்.

கதவு திறந்தது. மெலிந்த மனிதர், ஒரு கண்ணில் பூதக்கண்ணாடி. எடுத்த எடுப்பில் எத்தனை பேரை இவர் தலையில் கட்டுவது? கணக்கெடுக்க வந்தவர் வழக்கமான கேள்வியிலிருந்தே ஆரம்பித்தார்.

"வெள்ளம் வந்தா நீங்க எங்க போவீங்க ஐயா?"

கடிகாரக்காரர் பூதக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இடி மழைன்னா தனியா இருக்க எனக்கு பயம் தம்பி. கீழ யார் வீட்டுக்காவது போயிடலாம்னு இருக்கேன்... சேர்த்துப்பாங்களான்னு கொஞ்சம் கேட்டுச் சொல்றீங்களா?"